பூசணியைச் சுட்டால் வைட்டமின் ஏ அழிந்துவிடுமா?

"பூசணியை ஓவனில் சுட்டால் வைட்டமின் ஏ முழுக்கப் போய் வெறும் சர்க்கரைதான் மிஞ்சும், பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

பூசணிக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினைத்தான் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது சூட்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். வெந்து இளகிய சதையிலிருந்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால், உடல் அதை இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம்: 100 கிராம் பட்டர்நட் பூசணியில் பச்சையாக 532 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ, சுட்டதில் 558. கலோரி 45, 40. குறைவது வைட்டமின் சி. 21 மில்லிகிராம் 15 ஆகிறது. ஃபார்வர்டு எழுதியவர் இதைச் சொல்லியிருந்தால் பாதியாவது சரியாக இருந்திருக்கும்!

சரி, இனிப்பு ஏன் கூடுகிறது? தட்டில் துண்டுகளின் ஓரம் பழுப்பாகி, அடியில் பாகு மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் வற்றுவதால் உள்ளே இருக்கும் சர்க்கரை செறிவாகிறது. மாவுச்சத்தில் கொஞ்சமும் சர்க்கரையாக உடைகிறது. வெளியிலிருந்து எதுவும் வந்து சேர்வதில்லை. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள், ஒரு கரண்டி எண்ணெய், 200 டிகிரியில் அரை மணி நேரம் போதும். கருக விட வேண்டாம்.

அப்புறம், உண்மையிலேயே கவனிக்க வேண்டியது கசப்பு. கசக்கும் பூசணியைத் துப்பிவிட்டு முழுவதையும் எறியுங்கள். அந்தக் கசப்பில் உள்ள குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் சுட்டாலும் போகாது, வயிற்றைக் கெடுக்கும்.

அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.