டேப்பைக்கூடப் பிரிக்கவில்லையே!

இன்று காலை ஏழு மணிக்குக் குப்பை போடக் கீழே இறங்கினேன். எங்கள் அபார்ட்மெண்டில் மாடிப்படி ஓரம் பச்சை வாளி, நீல வாளி என்று இரண்டு வைத்திருப்பார்கள். பச்சை வாளியில், காபிச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவே என் டப்பா கிடந்தது. சிவப்பு மூடி. மூடியைச் சுற்றி நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. உள்ளே கிறிஸ்துமஸ் பலகாரம்: நாலு முந்திரிக்கொத்து, எட்டு அச்சுமுறுக்கு, ஒரு கை கலகலா. கொடுத்தது டிசம்பர் 24 சாயங்காலம். இன்றைக்கு ஜனவரி 2. ஒன்பது நாள் ஒரு வீட்டு மேசையில் சும்மா இருந்துவிட்டுக் குப்பைக்கு வந்திருக்கிறது.

யார் வீட்டு டப்பா என்பதும் எனக்குத் தெரியும். அடியில் ‘மு.இ.’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. முட்டை இல்லாதது. எங்கள் பிளாக்கில் முட்டை தொடாத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு வீட்டுக்காக அச்சுமுறுக்குக்குத் தனி மாவு கரைத்தோம். முட்டை சேராத மாவு அச்சை விட்டு லேசில் கழன்று வராது, பாதியில் உடையும். தேங்காய்ப்பாலைத் திக்காகப் பிழிந்து, மாவை இரண்டு முறை மாற்றிக் கலந்து, ஆறேழு உடைந்து வீணான பிறகுதான் எட்டு உருப்படியாக வந்தது. முட்டை சேர்த்த மாவு போட்ட எண்ணெயில் அவர்களுடையதைச் சுடக் கூடாது என்று, புது எண்ணெய் ஊற்றி முதல் ஈடாக அவர்களுடையதைத்தான் எடுத்தோம். அந்த டப்பாதான் வாளியில் கிடந்தது. டேப்பைக்கூடப் பிரிக்கவில்லையே!

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பலகாரம் சுடுவதை ஒருதடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அந்தக் கை வாளிப் பக்கம் போயிருக்காது. எங்கள் ஊர் நாகர்கோவில். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் கேக் அப்புறம்தான், முந்திரிக்கொத்து முதலில். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது சிறுபயறு. மூன்று உருண்டை ஒன்றோடொன்று ஒட்டி, திராட்சைக் குலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அம்மாவுக்கு 71 வயது. நவம்பர் கடைசியிலேயே 3 கிலோ பயறு வாங்கி, கல் பொறுக்கி, இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுத்திருக்கிறார். மொத்தமாகப் போட்டால் பாதி கருகும், பாதி பச்சையாக நிற்கும். ஊர் மில்லில் திரித்து, பச்சரிசி ஊறவைத்து நிழலில் உலர்த்தி அதையும் மாவாக்கி, இரண்டு தூக்குப்பையில் கட்டிக்கொண்டு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து இறங்கினார். இங்கேயே திரித்துக்கொள்ளலாமே என்று நான் போனிலேயே சொன்னேன். மிளகாய் திரித்த மெஷினில் நம் மாவையும் போட்டுவிடுவான், இனிப்பில் காரம் ஏறிவிடும் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.

அப்புறம் பாகு. கம்பிப் பதம் தாண்டினால் உருண்டை கல்லாகிவிடும், முன்னாலேயே இறக்கினால் பிடிபடாது. துருவி ஈரம் போக வறுத்த தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு எல்லாம் மாவில் கலந்து, கொதிக்கிற பாகை ஊற்றி, சூடு ஆறும் முன் உருட்ட வேண்டும். ஆறினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கரண்டியால் முடிகிற வேலையில்லை அது, கையால்தான். அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் செவசெவ என்று ஆகிவிட்டது. நடுவில் எழுந்துபோய்க் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு, துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று இரண்டு முறை துடைத்தார். அன்று மட்டும் முந்நூறு உருண்டை. மறுநாள் அவை காய்ந்து இறுகிய பிறகு, மஞ்சள்தூள் சேர்த்துக் கரைத்த அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டு, பிரியாமல் கரண்டியால் அணைத்துப் பிடித்து எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்தான், அம்மா வேறு எண்ணெய் வைக்க விடமாட்டார். 2025-இல் அது லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது ஊருக்கே தெரியும். 4 லிட்டர் வாங்கினேன். காசைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் அந்த எண்ணெயும்தானே கிடந்தது?

அச்சுமுறுக்கு இன்னொரு நாள். அச்சை எண்ணெயிலேயே வைத்துக் காயவிட்டு, முக்கால் உயரம்தான் மாவில் தொடவேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் கழற்ற முடியாது. சூடு கூடினாலும் பிடிக்காது, குறைந்தாலும் பிடிக்காது. ஒவ்வொன்றாக, இருநூறு வரைக்கும். ராத்திரி பதினொன்றரைக்குக் கேஸை அணைத்தபோது என்னால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மறுநாள் எட்டரைக்கு ஆபீஸ்.

இதெல்லாம் 22 வீட்டுக்கு. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுக்கிறேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள். சுகர் என்றால் நான் ஏன் வருத்தப்படப் போகிறேன்? இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் வந்தது. என் அப்பாவுக்கும் இருந்தது. அம்மா ஒரு கொத்தைப் பிரித்து ஒரே ஒரு உருண்டையை, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா கையில் வைப்பார். அப்பா அதைப் பத்து நிமிஷம் சாப்பிடுவார். “எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சுகர்மா, இந்த வருஷம் வேணாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த டப்பா அடுத்த கதவுக்குப் போகும். தின்ன ஆள் இருக்கிறது.

ஆனால் சொல்வதில்லை. டப்பாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். “ஐயோ, இவ்ளோ ஆயிலா? நாங்க இப்பல்லாம் மைதா, ஸ்வீட் எதுவும் தொடறதில்ல. நீங்களும் கொறச்சுக்கோங்க, வயசாகுதுல்ல?” பண்டிகை நாளில், வாசலில் நிற்கவைத்து, கொண்டுபோனவளுக்கே அறிவுரை! இதைச் சொன்ன வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை பீட்சா டெலிவரி வருகிறது; லிஃப்டில் நான்தான் கதவைப் பிடித்து நிற்கிறேன். அவர்கள் எதைத் தின்றாலும் எனக்கென்ன. என் அம்மா கையால் செய்ததை மட்டும் ஏன் விஷம் மாதிரிப் பார்க்க வேண்டும்?

இன்னொரு வீட்டில் “எக்ஸ்பைரி டேட் என்ன?” என்று கேட்டார்கள். கடையில் தட்டில் அடுக்கி விற்கிற இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. யார் செய்தார், என்றைக்குச் செய்தார் என்று தெரியாத பொருளுக்கு அது வேண்டும்தான். என்னைக் கேட்டால் எந்த ஈடு எத்தனை மணிக்கு எண்ணெயிலிருந்து வந்தது என்றே சொல்வேனே! ஈரம் படாமல் வைத்தால் முந்திரிக்கொத்து தாராளமாக 3 வாரம் தாங்கும். அதையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

பதிலுக்கு வருகிற டிரை ஃப்ரூட்ஸ் பெட்டி தனிக் கதை. இந்த வருஷம் வந்த ஒன்றில், யாரோ ஒரு கம்பெனிக்காரர் அவர்களுக்கு எழுதிய தீபாவளி வாழ்த்து அட்டை உள்ளேயே இருந்தது. அட்டையை எடுக்கக்கூட ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை. எனக்குப் பாதாம் பருப்பு வேண்டுமென்று யார் கேட்டார்கள்?

“கிலோ எவ்ளோன்னு சொல்லுங்க, அடுத்த மாசம் வீட்ல ஃபங்ஷன், அஞ்சு கிலோ போட்டுக் கொடுங்க” என்பவர்களும் உண்டு. பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள், புரிகிறது. விற்பதற்காகச் சுடுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் உழைப்புக்குக் கும்பிடு போடுவேன். ஆனால் நான் உங்களுக்குக் கொடுத்ததற்கு விலை கேட்டு, அதைக் கடைச் சரக்காக்கிவிடாதீர்கள். நாலு கொத்துதானே என்று பார்க்கிறீர்கள். 22 வீட்டுக்கும் எண்ணிப் பிரித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது உடைந்ததும் கருகியதும்தான். எந்த வருஷமும் அப்படித்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது 24-ஆம் தேதி சாயங்காலம் தட்டைக் கொண்டுபோகிற வேலை எனக்கும் அண்ணனுக்கும். எவர்சில்வர் தட்டு, மேலே அம்மா நூலில் பின்னிய வெள்ளைத் துணி. எங்கள் தெருவில் எல்லாரும் உண்டு. தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசம் எங்களுக்கு வரும், நோன்புப் பெருநாளுக்குப் பிரியாணி வரும். தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். மூன்றாவது வீட்டு அக்கா துணியைத் தூக்கியதும் முதல் கொத்தை அங்கேயே கடிப்பார். வாயில் வைத்துக்கொண்டே, “பாகு கொஞ்சம் முறுகிட்டுல்லா? அம்மைட்ட சொல்லு” என்பார். நான் ஓடிப்போய் அப்படியே சொல்வேன். அம்மாவுக்குக் கோபமே வராது. “ஆமா, எனக்கும் அப்பமே தோணிச்சு” என்பார். அடுத்த வருஷம் பாகை முன்னதாக இறக்குவார். குறை சொன்னாலும் அந்த அக்கா தின்றுவிட்டுச் சொன்னார். எங்களுக்கு அது போதும். எனக்கு இங்கே தேங்க்ஸ் மெசேஜும் வேண்டாம், கைகூப்பின எமோஜியும் வேண்டாம். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, நல்லா இல்லை என்று சொல்லுங்கள். சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

நம் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறாரே, டப்பாவை வாங்கினதும் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தார். ஒரு கொத்தை எடுத்து மூன்றாக உடைத்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மீதி இரண்டைத் திரும்ப வைத்து மூடினார். “இது புள்ளைங்களுக்கு. பயறாம்மா இது? எங்க ஆத்தா பயத்தம் உருண்டை புடிப்பாங்க, இதே வாசம்” என்றார். மறுநாள் டப்பாவைக் கழுவித் துடைத்து, உள்ளே ரெண்டு கொய்யாப்பழம் வைத்துக் கொடுத்தார். அவருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி பார்க்கிற மனுஷன் அவர்.

வாளியிலிருந்து டப்பாவை எடுத்துவந்தேன். அதற்கு வெட்கப்படவில்லை. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் அச்சுமுறுக்கு இன்னும் மொறுமொறுப்பாகவே இருந்தது. குப்பையில் கிடந்ததை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் சுற்றி நானே போட்டேன். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ‘மு.இ.’ மட்டும் அழியவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“மக்களே, அந்த முட்டை போடாத அச்சுமுறுக்கு எப்படி இருந்துன்னு அவங்க ஏதாம் சொன்னாங்களா? மாவு கொஞ்சம் கட்டியாப் போச்சோன்னு எனக்கு மனசுல கெடந்து அடிக்கு.”

“நல்லா இருந்துதாம்மா” என்றேன்.

“அப்படியா! அப்பம் வாற வருசம் அவங்களுக்கு நாலு கூட வைப்போம்.”

வைக்க மாட்டேன். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.