‘கடைசி பகா எண்’ கிடைத்துவிட்டதா?

“உலகின் மிகப் பெரிய பகா எண் கிடைத்துவிட்டது, இதற்கு மேல் பகா எண்ணே கிடையாது, இனி வங்கிப் பூட்டுகளை உடைத்துவிடலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதியில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண்தான் பகா எண்.)

2024 அக்டோபரில் லூக் டூரண்ட் கண்டுபிடித்த அந்த எண், 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கில் 1 குறைவு. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஆனால் அது *நமக்குத் தெரிந்தவற்றில்* பெரியது, அவ்வளவுதான். பகா எண்களுக்கு முடிவில்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். கையில் உள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டுங்கள். அவற்றில் எதுவும் அதை மீதியின்றி வகுக்காது. ஆக, பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று இருந்தே தீரும். (கூட்டி வந்த எண்ணே பகா எண் என்று அவசரப்படாதீர்கள்: 2×3×5×7×11×13+1 = 30031 = 59×509.)

இன்னும் ஒரு படி மேலே போனார் ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ். 1-க்கு மேற்பட்ட எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண் உண்டு என்று 19-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அதனால் டூரண்டின் எண்ணுக்கு அடுத்த பகா எண்ணில் அதிகம் போனால் ஒரே ஒரு இலக்கம்தான் கூடும். அது எது என்றுதான் தெரியாது.

சரி, வங்கி? இணையத்தில் தகவலைப் பூட்டும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில், 2048 பிட் நீளமுள்ள சாவிக்கு 300 சொச்சம் இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள் போதும். அவை ரகசியமாக இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த எண்ணால் பூட்டவும் முடியாது, அதை வைத்து மற்றவர் பூட்டை உடைக்கவும் முடியாது.