அந்த எட்டு மணி நேரத்தை விட்டுவிட்டீர்கள்

‘18 வருடத்துக்கு ஒருமுறை அதே கிரகணம் அதே ஊரில் தெரியும்’ என்று கிரகணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. சாரோஸ் சுழற்சி, அதாவது ஏறக்குறைய அதே மாதிரி கிரகணம் திரும்ப வர ஆகும் காலம், 18 வருடம் 11 நாளோடு முடிவதில்லை, கூடவே ஏறக்குறைய 8 மணி நேரமும் உண்டு. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும், கிரகணமும் அந்த அளவுக்கு மேற்கே தள்ளிப் போய்விடும்.

2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணத்தின்போது காங்கேயத்தில் வேப்பமரத்தடியில் வளையம் வளையமாக வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தவன் நான். (அம்மிச்சி தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார். பொறுமை இருந்தால் எந்த நாளிலும் அது நிற்கும், அது வேறு கதை.) அதே வரிசையின் (ஒரு சாரோஸ் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை ஒரு வரிசை) அடுத்த கிரகணம் 2038 ஜனவரி 5-ல். ஆனால் வளையம் தெரிவது கரீபியன் பக்கமும் மேற்கு ஆப்பிரிக்காவிலும், நம் பக்கம் இல்லை. மூன்று சுற்று, அதாவது 54 வருடமும் ஒரு மாதமும் ஆனால்தான் கிட்டத்தட்ட இதே திசைக்குத் திரும்பும். அப்போதும் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் நகர்ந்திருக்கும். 1965 நவம்பர் 23-ல் இதே வரிசை வட இந்தியா வழியாகப் போனது.

அப்புறம், பகுதி கிரகணம் எப்போதும் பகுதியாகவே வரும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் தவறு. 2022 தீபாவளிக்கு மறுநாள் மாலை வந்ததே, அதன் வரிசையில் 1968-ல் முழு கிரகணமே வந்திருக்கிறது. இப்போது தேய்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தது 2040 நவம்பர் 4, வட அமெரிக்காவில்.