பிங் போகுதாம் சார்!

"எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்." இதை இன்னொரு தடவை எவராவது என்னிடம் சொன்னால், என் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிடுவேன். நேரலை நடுவே சத்தம் போனதும் டாக்பேக்கில் (கண்ட்ரோல் ரூமிலிருந்து எங்கள் காதுக்கு வரும் உள்பேச்சு லைன்) தயாரிப்பாளர் என்னென்ன சொல்வார் என்பதை அவரும் கேட்கட்டும். இன்று காலை என் புகார் டிக்கெட்டை மூடிவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. காரணம்: பயனர் தரப்புச் சிக்கல். பயனர் என்றால் நான், டிவி செய்தியில் ஆடியோ பார்ப்பவன்.

ஆடியோ வேலையில் இருக்கும் உங்களுக்குக் கதை தெரிந்ததுதான். ஸ்டுடியோவில் ஒரு கம்பெனியின் புது டிஜிட்டல் கன்சோல் (மைக் சத்தத்தைக் கலக்கும் மேசை), மெஷின் ரூமில் வேறொரு கம்பெனியின் ஆடியோ ரவுட்டர் (அந்தச் சத்தத்தை வாங்கி வெளியே விடும் பெட்டி), இரண்டின் விளம்பரத்திலும் ஏஇஎஸ்67 (நெட்வொர்க் வழியே ஆடியோ அனுப்புவதற்கான பொதுத் தரநிலை) என்ற முத்திரை, நடுவில் ஐடி ஆட்கள் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப்போட்ட நெட்வொர்க் ஸ்விட்ச். சவுண்ட் செக்கில் தேனாகக் கேட்கிறது. செய்தி தொடங்குகிறது. தலைப்புச் செய்தி முடிந்து, முதல் செய்தி முடிந்து, நாலு நிமிஷம் சொச்சத்தில் படாரென்று வெளியே மயான அமைதி. வாசிப்பவர் வாய் அசைகிறது. என் கன்சோலில் மீட்டர் ஜம்மென்று ஆடுகிறது. ரவுட்டரில் ஒன்றுமே இல்லை.

கன்சோல்காரருக்கு போன். "மீட்டர் ஆடுதுல்ல சார்? அப்ப நாங்க அனுப்புறோம். எங்க பக்கம் ஓகே." ரவுட்டர்காரருக்கு போன். "எங்களுக்கு ஆடியோ பாக்கெட்டே வரலையே சார், வராததை நாங்க எப்படி வெளியே விடுறது? எங்க பக்கம் ஓகே." சரி என்று ஐடிக்கு. அந்தத் தம்பி ஏசி குளிரில் சாவகாசமாக ரெண்டு பெட்டிக்கும் பிங் (நெட்வொர்க்கில் பெட்டி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) அடித்துப் பார்த்துவிட்டு, "பிங் போகுதே அண்ணே" என்றார். பிங் போகிறதாம்! வாசிப்பவர் குரல் போகவில்லை தம்பி, பிங் மட்டும்தான் போகிறது. பேசாமல் இனி எட்டு மணிக்கு நேயர்களுக்கு பிங்கையே ஒளிபரப்பிவிடலாம். ஆக மூன்று பேர் பக்கமும் ஓகே, தமிழ்நாடு முழுக்க ஊமைப்படம்.

இதில் ரத்தம் கொதித்த இடம் எது தெரியுமா? "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணினால் வந்துவிடுகிறது! "வந்துடுச்சா? சூப்பர் சார், க்ளோஸ் பண்ணிடுறேன்." போனை வைத்து, பெருமூச்சு விட்டு, ஒரு டீ சொல்லி, அது வருவதற்குள் மறுபடி போய்விடுகிறது. திரும்பக் கூப்பிட்டால் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறார், சீரியல் நம்பர் கேட்கிறார், ஃபர்ம்வேர் என்ன வெர்ஷன் என்கிறார், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார் (சத்தம் வராததை வீடியோ எடுத்து!), எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார். வந்துவிடுகிறது. சூப்பர் சாராம்.

கடைசியில் விஷயம் என்ன? ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்த போர்ட்டுக்கு எந்த ஸ்ட்ரீம் வேண்டும் என்று ஒட்டுக்கேட்பது) ஆன், கொயரியர் (அதைக் கேள்வியாகக் கேட்பவர்) ஆஃப். அவ்வளவுதான். மல்டிகாஸ்டில், அதாவது ஒரே ஸ்ட்ரீமைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் முறையில், யாருக்கு எந்த ஸ்ட்ரீம் வேண்டும் என்று நெட்வொர்க்கில் ஒருவர் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயல்பு அமைப்பில் 125 வினாடிக்கு ஒரு கேள்வி. 260 வினாடி வரை பதில் வராவிட்டால் அந்த போர்ட்டுக்கு ஸ்ட்ரீமை ஸ்விட்ச் நிறுத்திவிடும். எங்கள் நெட்வொர்க்கில் கேட்பதற்கே ஆள் இல்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், யாருக்கும் பசியில்லை போலிருக்கிறது என்று சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த கதை. 260 வினாடி என்றால் நாலு நிமிஷம் இருபது வினாடி. ரீஸ்டார்ட் செய்தால் ரவுட்டர் புதிதாகக் கை தூக்கும், இன்னொரு நாலு நிமிஷம் இருபது வினாடி ஆயுள் கிடைக்கும். பிங் எப்போதும் போகும், ஏனென்றால் அது யூனிகாஸ்ட், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டும் போவது, இந்தக் கேள்வி பதிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஐடி தம்பிக்கு இதை விளக்கினேன். "ஆனா பிங் போகுதே" என்றார்.

சரி, கொயரியரை ஆன் பண்ண ஒரே ஒரு டிக் அடித்தால் போதும் என்றேன். அதற்கு மாற்றக் கோரிக்கைப் படிவமாம். ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பிலாம். அதுவரை ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் ரவுட்டரில் ரூட்டை (அந்த ஸ்ட்ரீமின் இணைப்பை) எடுத்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். சோப்பு விளம்பரத்துக்காக இப்படி ஏங்கிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இந்த ஏஇஎஸ்67 வந்தது 2013-இல். எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசும் என்றார்கள். பேசும், ஆனால் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குக் கட்டாயமான ஒரே வழியை அதில் வைக்கவில்லை. அதனால்தான் நானும் நீங்களும் 239-இல் தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரிகளை இன்னமும் கையால் தட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு அழகு: ஏஇஎஸ்67-இல் டிஎஸ்சிபி (எந்த பாக்கெட் அவசரம் என்று சொல்லும் குறியீடு) 46 என்றால் க்ளாக், அதாவது எல்லாப் பெட்டியையும் ஒரே தாளத்தில் ஓட்டும் நேர சிக்னல்; டான்டே என்ற இன்னொரு நெட்வொர்க் ஆடியோ முறையில் அதே 46 என்றால் ஆடியோ. ஸ்விட்ச் பாவம், யாருக்கு முதலில் வழிவிடும்? க்ளாக்கிலோ இரண்டு பெட்டியிலும் பிரையாரிட்டி 128 என்று தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்து மற்றதெல்லாமும் சமமாகிவிட்டால், எந்தப் பெட்டியின் அடையாள எண் சின்னதோ அதுதான் ஸ்டுடியோவுக்கே தலைமைக் கடிகாரம். அந்த எண்ணும் பெரும்பாலும் மேக் முகவரியிலிருந்து (தயாரிக்கும்போதே பெட்டிக்குக் கொடுக்கும் நெட்வொர்க் எண்) வருவது. பஞ்சாயத்துத் தேர்தல்கூட இதைவிட நியாயமாக நடக்கும்.

மேடி (நெட்வொர்க்குக்கு முந்தைய டிஜிட்டல் ஆடியோ இணைப்பு) காலத்தில் ஒரே கோஆக்ஸ் கேபிள், 64 சேனல், அதன் முனையிலுள்ள பிஎன்சியைத் திருகினால் சத்தம் வரும், திருகாவிட்டால் வராது. க்ளாக் தகராறு அதிலும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் படிவம் கேட்டவன் எவனும் இல்லை.

ஒருவழியாக ஒப்புதல் வந்து டிக் அடித்தார்கள். சத்தம் இப்போது அறுபடாமல் வருகிறது, இரவுச் செய்தி முழுக்கப் போனது. அடுத்த வாரம் இரண்டாவது ஸ்டுடியோவுக்கும் இதே செட்டப் வருகிறதாம், இதே ஸ்விட்ச்சாம். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய.

அப்புறம் இன்னொன்று. மெஷின் ரூமில் ஒரு நாற்காலி இருந்தது. நீல நிறம், ஒரு கால் ஆடும். இவ்வளவு கூத்தையும் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அதை எவரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிராஃபிக்ஸ் பக்கம் பார்த்ததாகக் கேள்வி. அங்கேதான் ஆளுக்கொரு சுழல் நாற்காலி இருக்கிறதே, அப்புறம் எதற்கய்யா என்னுடைய ஆடும் நாற்காலி?