பித்தளைச் சொம்பின் கழுத்தில் மூன்று விரிசல்

‘பழைய பித்தளையைப் புதுசு போல மாற்ற ஐந்தே நிமிடம்’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்துங்கள். எங்கள் அப்பாயி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்தபோது மடியில் வைத்துக்கொண்டு வந்த சொம்பு போய்விட்டது. பொங்கலன்று நிறைசொம்பு வைக்கலாம் என்று தண்ணீர் ஊற்றினால், கழுத்தைச் சுற்றி முத்து முத்தாகக் கசிகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து வளையும் இடத்திலிருந்து கீழே மூன்று கோடுகள், தலைமுடி அளவுக்கு. யாரும் கீழே போடவில்லை, எதிலும் இடிக்கவுமில்லை.

அண்ணனைக் கேட்டேன். தீபாவளி முடிந்ததும் அந்த வீடியோவைப் பார்த்து, கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அடித்துத் தேய்த்து, அதே ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டரில் மேல்தட்டில் வைத்தாராம். பளபளப்பு போகாமல் இருக்கட்டும் என்று. திரவத்தின் லேபிளில் பொடி எழுத்தில் அமோனியா என்று போட்டிருக்கிறது. சுற்றியிருந்த துணியை விரித்தால் மயில்கழுத்து நிறத்தில் கறை. அது செம்பு கரைந்து வந்த கறை. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனதோடு செய்தார். அமோனியா பித்தளைக்கு எமன் என்று ஒரு வரி சொல்லாமல் சிரித்துக்கொண்டே தேய்த்துக் காட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்களாம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருக்கும், அதுவும் குண்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்ப்பக்கத்தில். காரணம் 1921-இல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா. தோட்டாக்கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதைச் சூடு காட்டாமல் இழுத்து நீட்டி உருவாக்குவதால் உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதோடு ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் அடியே விழாமல் தானாகப் பிளக்கும். தகட்டை அடித்து வளைத்துச் செய்த சொம்புக்கும் குடத்துக்கும் கழுத்தில் இருப்பது இதே இறுக்கம்தான். லாயத்துக்குப் பதில் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் என்எஸ் என்ற கட்டாயப் படைச்சேவைக்குப் போனவர்களுக்கு அந்தக் கூடுகளைத் தெரியும். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கணக்கு ஒத்து வரும்வரை நின்றிருக்கிறோம். இங்கே வீட்டில் தோட்டா செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை, அது பெரிய குற்றம். ஆனால் அமெரிக்கா மாதிரி அனுமதி உள்ள நாடுகளில் சுட்ட கூட்டைக் கழுவி மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு பார்த்துச் செய்கிறார்கள் தெரியுமா? அமோனியா கலந்த பாலிஷை வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். லேசான சிட்ரிக் அமிலத்தில் சில நிமிடம் போட்டு, நன்றாக அலசி, காயவைத்து, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுட்டுக் கழித்த கூட்டுக்கு அவ்வளவு கவனம் என்றால் மூன்று தலைமுறை கைமாறி வந்த சொம்புக்கு எவ்வளவு வேண்டும்!

மற்ற அநியாயங்களும் இருக்கின்றன. புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப்போடச் சொல்கிறார்கள். காலையில் எடுத்தால் பித்தளை மஞ்சளாக இருக்காது, திட்டுத் திட்டாகச் செம்பு நிறத்தில் சிவந்து கிடக்கும், ஏனென்றால் துத்தநாகம் கரைந்து போயிருக்கும். இரும்பு நாரால் தேய்த்த கோடுகள் ஆயுசுக்கும் போகாது. கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சையும் ஊற்றுகிற ஒரு வீடியோ பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. அதிலிருந்து வருவது குளோரின் வாயு. எச்டிபி அடுக்குமாடி வீட்டின் சின்னச் சமையலறையில், பின்னால் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது, இதையா செய்யச் சொல்வீர்கள்?

எங்கள் அம்மா ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் விளக்கு தேய்ப்பார். முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும், எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் புளி உள்ளே பிடிக்காது. அப்புறம் புளியும் உப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து, ஐந்து நிமிடம்கூட விடாமல் அலசி, உடனே வெள்ளைத்துணியால் ஒட்டத் துடைத்து, கடைசியில் உலர்ந்த விபூதியால் ஒரு தேய். நாற்பது வருஷமாகத் தேய்த்த நாச்சியார்கோவில் விளக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சொம்பை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பற்றவைத்தாலும் பக்கத்தில் இன்னொன்று விடும் தம்பி, என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா எதுவும் சொல்லவில்லை, வாங்கிச் சாமி தட்டில் கவிழ்த்து வைத்தார். இன்று காலை குடும்பக் குழுவில் அதே வீடியோவை யாரோ மறுபடி அனுப்பியிருந்தார்கள். விரிசல் விட்ட கழுத்தைப் படம் எடுத்து அதற்குக் கீழேயே போட்டிருக்கிறேன்.