ராணுவ ஒழுக்கம் மட்டும்தானா காரணம்?
ராணுவத்தில் இருந்த ஒரு பெரியவரைப் பற்றி இங்கே வந்த கட்டுரை, அவர் 90 வயதைத் தாண்டியதற்கு ராணுவத்தில் பழகிய ஒழுக்கம்தான் காரணம் என்று ஒரேயடியாக முடித்துவிடுகிறது, என்னால் அதை ஏற்க முடியவில்லை. பீரங்கிச் சத்தத்தில் காது போய், முழங்கால் தேய்ந்து, ராத்திரி தூக்கமில்லாமல் திரும்பி வந்தவர்களும் அதே ஒழுக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே. என் பெரியப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர், ஆனால் துப்பாக்கி பிடித்த காலத்தைவிட இழைப்புளியும் உளியும் பிடித்த காலம்தான் அவருக்கு ரொம்ப அதிகம். தச்சுத் தொழிலை நிறுத்திய பிறகும் யார் வீட்டிலாவது கதவு இறங்கிவிட்டது, வயதானவரின் கட்டில் கால் ஆடுகிறது என்றால் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பார், போகும்போது பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிப்போய் அளவெடுக்கப் பழக்குவார். கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் வயதானவர்களைப் பற்றி 'உழைத்தது போதும், அவர்களை ஓய்வெடுக்க விடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். சரி, உடம்பு முடியாதவருக்கு அது பொருந்தும். ஆனால் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பாருங்கள், கடற்படையில் இருந்தவர், மரவேலை நன்றாகத் தெரிந்தவர், 1984 முதல் மனைவியோடு சேர்ந்து வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டும் தன்னார்வ வேலைக்குப் போனவர், 2019-ல் 95 வயதில் கீழே விழுந்து நெற்றியில் தையல் போட்ட பிறகும் கட்டுமான இடத்துக்கு வந்துவிட்டார், 100 வயது வரை வாழ்ந்தார். சேவை செய்ததால்தான் ஆயுள் நீண்டது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் கட்டுரையில் அந்தப் பெரியவரின் தொழிலும் தொண்டும் இரண்டே வரியில் போய்விட்டது, அவரிடம் வேலை கற்றவர்களிடமும் பேசி அதை விரிவாக எழுதுங்கள்.