படுக்க ஓர் இடம் கிடைக்க எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும்?

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரவில் தாமதமாக வந்தான் என்று அந்தத் தம்பியை விடுதியிலிருந்து வெளியே அனுப்பியது சரிதான் என்று இன்று காலையும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். "விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்" என்கிறார். கீழே வரிசையாகப் பாராட்டு. அதில் எனக்கு நெருக்கமானவர்களின் பெயர்களும் இருக்கின்றன. சரி, என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். அது தங்க இடமில்லாத இளைஞர்களுக்கென்றே நடக்கும் விடுதி. சேரும்போதே, சீக்கிரம் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவனும் அலைந்து தேடினான். கிடைத்தது மாலை ஷிஃப்ட். முடித்துவிட்டு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிடும். விடுதியின் கேட்டைப் பத்து மணிக்குப் பூட்டுவார்கள். ஷிஃப்டை மாற்றிக் கேட்டுப் பார்த்தான், புதிதாகச் சேர்ந்தவனுக்கு யார் மாற்றிக் கொடுப்பார்கள்? தாமதம் என்று பதிவேட்டில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் படுக்கை போனது. குளிக்க இடமில்லாமல், சட்டை துவைக்க இடமில்லாமல், தூக்கமில்லாத கண்ணோடு எத்தனை நாள் வேலைக்குப் போக முடியும்? பின்னாலேயே வேலையும் போனது.

வேலை தேடு என்று சொன்னதும் அந்த விடுதிதான். வேலைக்குப் போனதால் தாமதமாக வந்தவனை வெளியே அனுப்பியதும் அந்த விடுதிதான். இதை ஒழுங்கு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். முதலில் இடத்தைக் கொடுங்கள். படிப்பு, வேலை, பழக்கவழக்கம், சேமிப்பு எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம். எதைச் செய்யத் தவறினாலும் படுக்கை போய்விடாது என்ற உறுதி ஒருவனுக்கு இருந்தால்தான் மற்றதையெல்லாம் அவன் காதில் வாங்கவே முடியும்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தொடங்கினார். அதுவரை நடைமுறை வேறு. தெருவில் இருப்பவர் முதலில் போதையை விட வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், தற்காலிகத் தங்குமிடத்தில் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும். அதன்பிறகுதான் வீடு. இவர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வீட்டுச் சாவி, பிறகு சிகிச்சை, அதுவும் அவர் விரும்பினால். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்று அதற்குப் பெயர். ஃபின்லாந்து இதையே நாட்டின் கொள்கையாக எடுத்துக்கொண்டது. 1980-களின் கடைசியில் அங்கே வீடில்லாதவர்கள் பதினெட்டாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். 2023-ல் அது 3,500-க்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டு கொஞ்சம் ஏறியது, அதையும் மறைக்கவில்லை.

"அதெல்லாம் பெரியவர்களுக்கு, இளைஞர்களை அப்படி விட்டால் கெட்டுப்போவார்கள்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். கனடாவில் 2009-லிருந்து 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலப் பிரச்சினையோடு வீடில்லாமல் இருந்த இரண்டாயிரம் பேருக்கும் மேல் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களைத் தனியாகவும் கணக்கிட்டார்கள். நிபந்தனையில்லாமல் வீடு கிடைத்த இளைஞர்கள், ஆய்வு நடந்த காலத்தில் 65 சதவீத நாட்கள் நிலையான இடத்தில் இருந்தார்கள். வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்கள் 31 சதவீத நாட்கள். இரண்டு மடங்கு! கெட்டுப்போவார்கள் என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

அதே ஆய்வில் வேலை, படிப்பு போன்றவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்டு. இதைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். ஆமாம், இடம் கொடுத்த உடனே ஒருவன் பட்டம் வாங்கிவிட மாட்டான். பள்ளிப் படிப்பை விட்டவனைத் திரும்ப உட்கார வைக்க ஆள் வேண்டும், நேர்காணலுக்குக் கூடவே போய்வர ஆள் வேண்டும். அந்த உதவியை இளைஞர்களுக்கு ஏற்ற மாதிரி இன்னும் கூட்ட வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம். இருக்கிற இடத்தையும் பிடுங்கச் சொல்லி எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது வயதில் நான் படிப்பைப் பாதியில் விட்டேன். அப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரு பையோடு சித்தி வீட்டுக்குப் போனேன். எத்தனை நாள் இருப்பாய் என்று சித்தப்பா ஒருநாளும் கேட்கவில்லை. ராத்திரி எந்நேரம் வந்தாலும் சித்தி எழுந்து கதவைத் திறப்பார், சாப்பிட்டாயா என்பார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நான் பல வேலைக்குப் போய்ப் பாதியில் விட்டேன், பணம் தொலைத்தேன், மத்தியானம் வரை தூங்கினேன். ஒன்றுக்கும் உருப்பட மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசியதும் காதில் விழுந்தது. ஆனால் ஒருநாள்கூட இன்றிரவு எங்கே படுப்பேன் என்று யோசித்ததில்லை. பிறகு மெதுவாகத் திரும்பப் படிக்கப் போனேன். இன்று என்னை ஒழுங்கானவன், உழைப்பாளி என்று பாராட்டுகிறீர்களே, அந்தச் சித்தி என்னிடம் பதிவேடு வைத்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்?

உங்களில் பலருக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது. அண்ணன் வீடு, மாமா வீடு, நண்பனின் அறை. அதைப் பற்றிப் பேசாமல் "நானெல்லாம் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தேன்" என்று எழுதும்போதுதான் எனக்கு வலிக்கிறது. கஷ்டப்பட்டீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. விழுந்தபோது தாங்க ஆள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தம்பிக்கு யாரும் இல்லை. காப்பகத்தில் வளர்ந்தவன், 18 முடிந்ததும் வெளியே வந்தவன்.

18 என்ற அந்த வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு இருக்கும் எந்தப் பிள்ளையையும் பதினெட்டாம் பிறந்தநாள் முடிந்த மறுநாள் பையைக் கொடுத்து அனுப்புவதில்லை. காப்பகத்துப் பிள்ளைக்கு மட்டும் அது நடக்கிறது. இது தவறு என்பது அரசாங்கங்களுக்கே புரிந்துதான் சட்டங்கள் மாறின. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் 21 வயது வரை பராமரிப்பை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தது. இங்கிலாந்தில் 2014-லிருந்து வளர்ப்புக் குடும்பத்தோடு, இரு தரப்பும் விரும்பினால் 21 வரை தொடர்ந்து இருக்கலாம். இந்தியாவில் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே 21 வயது வரை பின்பராமரிப்பு, அதாவது காப்பகத்தை விட்டு வந்த பிறகும் உதவி, என்று பேசுகிறது. சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்தது நம் நண்பர்களுக்குத் தெரியவில்லை.

"அவன் பார்க்க வீடில்லாதவன் மாதிரியே இல்லையே, நல்ல சட்டை, கையில் ஃபோன்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதைப் படித்து நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடில்லாத இளைஞர்களில் பெரும்பாலானோர் அப்படித் தெரியாமல் இருக்கத்தான் பாடுபடுகிறார்கள். தெரிந்துவிட்டால் வேலை கிடைக்காது, தெரிந்துவிட்டால் ஆபத்து. இன்று ஒரு நண்பன் அறை, நாளை இன்னொருவன் அறை, பாதி நாள் பேருந்து நிலையம். 2017-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் மையம் அமெரிக்கா முழுக்கக் கணக்கெடுத்தபோது, 18 முதல் 25 வயதுக்குள் பத்தில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதோ ஒரு வடிவத்தில் வீடில்லாத நிலையைச் சந்தித்திருந்தார். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படி அடுத்தவர் வீட்டு மூலையில் மட்டுமே ஒதுங்கிக் கிடந்தவர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. அப்புறம் அந்த ஃபோன். வேலைக்குக் கூப்பிட்டால் எடுக்க அவனிடம் வேறென்ன இருக்கிறது?

மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு பெண் இருந்தாள். எப்போதும் பெரிய பை ஒன்றோடு வருவாள். வகுப்பில் தூங்கிவிடுவாள். ஆர்வமில்லாத பிள்ளை என்று கூட இருந்த ஆசிரியர் ஒருவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிய நாளில்தான் விஷயம் தெரிந்தது. முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எல்லாச் சான்றிதழ்களும் இருந்தன, முகவரி மட்டும் இல்லை. அவளை ஒரு குடும்பம் தன் வீட்டு மாடி அறையில் தங்க வைத்தது. வாடகை கேட்கவில்லை, கட்டுப்பாடும் போடவில்லை. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கணக்கு வராத பிள்ளை என்று நினைத்தவள் கணக்கிலேயே நல்ல மதிப்பெண் எடுத்தாள்.

முகவரி இல்லை, பழைய பள்ளியின் தாள்கள் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வீடில்லாத மாணவரைச் சேர்க்க மறுக்கக் கூடாது, உடனே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், தாள்களைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. மெக்கின்னி-வென்டோ சட்டம், 1987-ல் வந்து பிறகு வலுப்படுத்தப்பட்டது. அங்கேயும் இதே யோசனைதான். முதலில் உள்ளே விடு, மற்றதைப் பிறகு பார்.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. விடுதி நடத்துகிறவர்களுக்கும் சிரமம் இல்லையா? இருக்கிறது. பல பேர் தங்கும் இடத்தில் இரவில் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க வேண்டும், பாதுகாப்பு வேண்டும். பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்து, 1990-களில் பிரிட்டனிலும் பரவிய 'ஃபோயே' என்ற இளைஞர் விடுதிகளில் தங்குகிறவர் படிப்பிலோ வேலைத் தேடலிலோ ஈடுபட வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு, அதனால் பயன்பெற்றவர்களும் நிறைய. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போ என்று ஒப்பந்தம் போடும் இடம், வேலைக்குப் போகிறவனுக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டாமா? இரவுக் காவலாளிக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் முடிகிற வேலை. வேலை இடத்துக்கு ஒரு ஃபோன் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை, பதிவேட்டில் எழுத மட்டும் தோன்றியது.

"கையில் காசு கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள்" என்று சொன்னவருக்கும் பதில் இருக்கிறது. 2018-ல் வான்கூவரில் வீடில்லாமல் இருந்த ஐம்பது பேருக்கு ஆளுக்கு 7,500 கனடா டாலர் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான போதைப் பழக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் சேர்த்தவர்கள் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவழித்தார்கள். மதுவுக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை, தெருவில் கழித்த நாட்கள் குறைந்தன. ஏழை கையில் பணம் இருந்தாலே தப்பாகத்தான் போகும் என்பது நம் மனதில் ஊறிப்போன சந்தேகம்.

உண்மையில் எனக்கு எது அதிகமாக வலித்தது தெரியுமா? அவனை அனுப்பியதுகூட இல்லை. அதற்குப் பிறகு வந்த பேச்சு. "இவ்வளவு செய்தோம், நன்றி இல்லையே." என்ன செய்தோம் நாம்? அவன் சேர்ந்த வாரத்தில் மேடையில் நிறுத்தி, அம்மா எப்போது இறந்தார், எங்கெங்கே படுத்தாய் என்று முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்ல வைத்தோம். படம் எடுத்துப் போட்டோம். அதைப் பகிர்ந்து நாமெல்லாம் நல்லவர்களாக உணர்ந்தோம். அந்தப் படுக்கைக்கான விலையை அவன் அன்றே கொடுத்துவிட்டான். இன்னும் எவ்வளவு நன்றி காட்ட வேண்டும்? உங்கள் வீட்டுப் பிள்ளை படுத்துத் தூங்குவதற்கு உங்களிடம் நன்றி சொல்கிறானா?

அவனுக்கு வயது பத்தொன்பது. அந்த வயதில் கோபம் வரும், சோம்பல் வரும், தப்பு நடக்கும். இவன் தப்பே செய்யவில்லை, வேலைக்குத்தான் போனான். தப்பே செய்திருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். நல்ல பிள்ளை என்பதால் அவனுக்கு இடம் கேட்கவில்லை. மனிதனுக்குப் படுக்க இடம் வேண்டும் என்பதால் கேட்கிறேன். நல்ல நடத்தை உள்ளவர்களுக்கு மட்டும் கூரை என்றால் நம்மில் எத்தனை பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்?

என்னை நட்பிலிருந்து நீக்க விரும்புகிறவர்கள் நீக்கிக்கொள்ளுங்கள், வருத்தமில்லை. இல்லை, வருத்தம்தான். ஆனால் இதில் பின்வாங்க முடியாது.

விடுதி மேலாளரைத் திட்டி யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். அவரோடு பேச நேரம் கேட்டிருக்கிறேன். இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கேட் நேரத்தை மாற்ற வேண்டும், எந்தத் தாமதத்துக்கும் படுக்கையை ரத்து செய்யக் கூடாது, யாரையும் மேடையேற்றிக் கதை சொல்ல வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். தம்பி இப்போது ஒரு நண்பனின் அறையில் இருக்கிறான், அங்கே அதிக நாள் இருக்க முடியாது. ஒரு அறை கொடுக்க முடிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். முன்பணத்துக்கும் முதல் சில மாத வாடகைக்கும் நாங்கள் சிலர் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள், அவன் இரவு எத்தனை மணிக்கு வருவான் என்று என்னிடம் கேட்காதீர்கள்.